மீட்டரம்மா கழற்றிய கப்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பவள் என்பதால் வட்டாரத்தில் எல்லோருக்கும் அவள் மீட்டரம்மா. ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருஷமாக ஒரே சைக்கிள்.

அந்த சைக்கிள் ஒரு மாதமாக மக்கர் செய்தது. மிதித்தால் பெடல் இரண்டும் ஆடின. சங்கிலி அடிக்கடி கழன்றது. கடைக்காரர் ஆட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நடு அச்சு தேஞ்சுபோச்சும்மா. அதைத் தாங்குற கப்பு ரெண்டும் துருவேறி ஒட்டிக்கிட்டிருக்கு. இதோட யாரு மல்லுக்கட்டுறது? புது வண்டி பாருங்க."

"சாமானை மட்டும் குடுங்க. மல்லுக்கட்டுறது என் பாடு."

ஞாயிறு காலை கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து சைக்கிளைக் கவிழ்த்தாள். பெடல் தண்டுகளைப் பிடித்திருந்த பின்களைத் தட்டி எடுத்தாள். இடப்பக்கத்துக் கப் கொஞ்சம் அடம்பிடித்துவிட்டு வந்தது. வலப்பக்கம் மசியவில்லை. எண்ணெய் விட்டாள், சுத்தியலால் தட்டினாள். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, தையற்காரரான கணவரையும் கூப்பிட்டாள். இருவரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள்.

"விடும்மா, இடுப்பு போயிடும்," என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

"இடுப்பு எனக்கும்தான் இருக்கு."

ஆனாலும் அவளுக்கு ஒரு சந்தேகம். புதுக் கப்புகள் இரண்டையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றின் திருகு மரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மற்றதன் மரை எதிர்ப்பக்கம்.

"ஏங்க, வலப்பக்கத்துக்கு மரை தலைகீழா இருக்கு! காலையிலேர்ந்து நாம கழட்டல, இறுக்கிக்கிட்டு இருந்திருக்கோம்!"

"அதுக்கா என்னைக் கூப்பிட்ட?" அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அவள் சிரிக்கவில்லை. குழாயை எதிர்ப்பக்கம் திருப்பி, உடம்புப் பாரத்தை முழுக்கப் போட்டு அமுக்கினாள். மூன்றாவது அமுக்கில் 'டக்' என்று ஒரு சத்தம். கப் நகர்ந்தது. அதற்குப் பிறகுதான் அவள் முகத்தில் சிரிப்பே வந்தது.

உள்ளே துருவைத் துடைத்து, கிரீஸ் தடவி, பக்கத்துக்குப் பதினொரு பேரிங் குண்டு பதித்து, புது அச்சையும் புதுக் கப்புகளையும் செருகினாள். கப்பை இறுக்கினால் அச்சு சிக்கியது, தளர்த்தினால் ஆடியது. ஐந்தாவது தடவைதான் விரலால் சுண்டியதும் சத்தமில்லாமல் சுழன்றது. கணவர் அதை இரண்டு மூன்று தடவை சுற்றிவிட்டுப் பார்த்தார். "தையல் மிஷின் மாதிரி ஓடுதே," என்றார். அவள் புதுப் பின்களைத் தட்டிப் பெடல் தண்டுகளை மறுபடி மாட்டினாள்.

திங்கட்கிழமை பத்து வீடு முடித்ததும் வண்டியை நிறுத்தி, பெடல் தண்டை ஆட்டிப் பார்த்தாள். புதுப் பின் மட்டும் சற்றே இளகியிருந்தது. பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து அதன் நட்டை அரைச் சுற்று இறுக்கிவிட்டு, பதினோராவது வீட்டு மணியை அடித்தாள்.