ஸ்டெல்லா எழுதச் சொன்னது

செவ்வாய்க்கிழமை காலை முதல் கட்டுப் பனியனைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் கணவர் செல்போனில் அழைத்தார். "போயிட்டாக்கா" என்றார்.

நெருப்பெரிச்சல் ஊரில் இருக்கும் பனியன் கம்பெனியில் அவளோடு செக்கிங் மேசையில் நின்ற உங்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். ஆறு வருடம் என் பக்கத்தில் நின்று துணியில் ஓட்டையும் கறையும் தேடினாள். அன்றன்று தனக்குப் பிடித்த ஒன்றை ஒரு குட்டி நோட்டில் எழுதிவிடுவாள். மினிபஸ் டிரைவர் பாட்டுக்குத் தாளமாக ஹாரன் அடித்தது. கரண்ட் போய் மிஷின்கள் நின்றதும் எதிர் கம்பெனியில் யாரோ பாடியது கேட்டது. "எழுதலைன்னா இது நடக்கவே இல்லன்னு ஆயிரும்க்கா" என்பாள்.

ஒருநாள் முழுக்கச் சிவப்புத் துணி. டீ நேரத்தில் வெளியே போனவள், சிவப்பையே பார்த்த கண்ணுக்கு வெள்ளைச் சுவர் பச்சையாகத் தெரிகிறது என்று எங்களையெல்லாம் கூப்பிட்டாள். ஏழெட்டுப் பேர் சுவரைப் பார்த்தபடி நின்றோம். திட்ட வந்த சூப்பர்வைசர், "எனக்கு வெள்ளையாத்தானுங்க தெரியுது" என்றார். பத்து பீஸ் செக் பண்ணிவிட்டு வந்து பார்க்கச் சொன்னாள். அவரும் பண்ணினார்.

பிறகு பக்கவாதம். பேச்சும் வலது கையும் போயின, புத்தி போகவில்லை. கடைசியாக நான் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை, திடீரென்று என் கையைத் தொட்டு ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். பிறகு தலையணை அருகே இருந்த நோட்டைக் காட்டினாள். எதையோ எழுத வேண்டும்.

எதை? 'தூறல்' என்று எழுதிக் காட்டினேன். இல்லை என்று தலையாட்டினாள். அடித்துவிட்டு 'ரேடியோ' என்று எழுதினேன். அதுவும் இல்லை. "கொடியில காயற பாவாடையா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே எழுதினேன். அதுவும் இல்லை. அவள் கணவர் வந்து, கருவாடு வறுக்கிற வாசமா என்று கேட்டார். அதையும் எழுதி அடித்தேன். அவள் கை மெல்ல இறங்கியது. அது எதுவோ, நாங்கள் கேட்டு முடிப்பதற்குள் போயிருக்கும். என் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள். பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

அடக்கம் முடிந்ததும், "எனக்கு இதப் பாக்க முடியலக்கா, நீங்க வச்சுக்கிடுங்க" என்று அவள் கணவர் நோட்டை என்னிடம் தந்துவிட்டார். கடைசிப் பக்கத்தில் மட்டும் என் கையெழுத்து. நான்கு வரிகள், நான்கும் அடித்தவை. அதற்குக் கீழே எழுத வேண்டியது எனக்குத் தெரியவில்லை.