பத்துமலைக்கு வந்த ஆஸ்பத்திரிக் கடிதம்

என் மகன் வயிற்றுப் பேரன் பத்துமலை, மலேசியாவில் ஈப்போ டவுனில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தான். தாய் தகப்பன் இல்லாதவனை, சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி நான்தான் வளர்த்தேன். இருபத்து மூன்று வயதாகியும் பெண் பார்க்க விடவில்லை. அவன் மனம் ஆண்கள் பக்கம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டதில்லை. கூடத் தங்கியிருந்த ஜெயபாலனைச் சிநேகிதன் என்பான், சரி என்பேன்.

எண்பத்தெட்டாம் வருஷம் தீபாவளிக்கு வந்தவன் முறுக்கைக்கூடத் தொடவில்லை. ஜெயபாலன் செத்துப்போனானாம். எய்ட்ஸாம்.

“நாங்க எந்தப் பாதுகாப்பும் இல்லாம இருந்துட்டோம், அப்பாயி. ஆஸ்பத்திரியில டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்திருக்கேன். ஐ.சி. அட்டையில இந்த விலாசம்தான், லெட்டர் இங்கதான் வரும். யார்கிட்டயும் படிக்கக் கொடுக்காதே. நான் வந்து வாங்கிக்கிறேன்.”

“சரிடா” என்றேன்.

தோட்டத்துக் கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். எழுத்துத் தெரியாதவர்களுக்குக் கணக்கெழுதும் கிராணி தியாகராஜாவே வாசித்தும் சொல்வார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். ஒரு நாள் ரப்பர்ப் பால் நிறுக்க வந்த சனம் நிற்கும்போது பத்துமலைக்கு வந்த கடிதத்தை நீட்டினார். பேரன் பிழைப்பானா என்று தெரியாமல், அவன் வரும்வரை எனக்குப் பொறுக்க முடியவில்லை.

“படிங்க ஐயா.”

“இது பொடியன்ர பேருக்கு வந்தது. அவனே வாசிக்கட்டும்.”

“வளர்த்தவ நான். படிங்கலா!”

தணிந்த குரலில் ஆரம்பித்தார்.

“எனக்குக் காது மந்தம். சத்தமா!”

எய்ட்ஸ் பரிசோதனையில் முடிவு தெளிவாக இல்லை, மறுபடி வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். மலாயில் இருந்ததை அவர் தமிழில் சொல்ல, அத்தனை பேருக்கும் கேட்டது.

“ஆம்பளையோட ஆம்பளை படுத்தா வார நோய்லா அது!” என்றாள் வீரம்மா. “அதான் உன் பேரனுக்குப் பொண்ணே புடிக்கலையா, ராக்காயிக்கா?”

சிரித்தார்கள். வாயை மூடுடி என்றேன். யார் கேட்டார்கள்?

சனிக்கிழமை வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே யாரோ சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் வரவில்லை.

“சத்தமா படிக்கச் சொன்னியா?”

“உன் நல்லதுக்குத்தான்டா. திங்கக்கெழமை போலாம், நானும் வாரேன்.”

“ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனி எந்த ஆஸ்பத்திரியிலயும் என் பேரைக் கொடுக்க மாட்டேன்.”

தப்புத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “வளர்த்தவளுக்குத் தெரியக் கூடாதா?” என்று கத்தினேன். கடிதத்தை வாங்காமலே நடந்தான். ஹோட்டலில் போய்க் கேட்டபோது, வேலையை விட்டுவிட்டான் என்றார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

அவனுக்கு அந்த நோய் இருந்ததா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனுக்காவது தெரிந்ததோ என்னவோ. அவன் யாரை விரும்பினாலும் எனக்கு அவன் பேரன்தான். அதை அவனிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.