வேலை செய்யும் கை

ஓசூர் சிப்காட்டில் முதல் ஷிஃப்ட் விட்டதும் பாதிக் கூட்டம் பஸ்ஸுக்கு ஓடும். மீதிக் கூட்டம் திம்மராயன் ஹோட்டலுக்கு ஓடும். பரோட்டாதான் காரணம். அதைப் போடுகிற ஷௌகத் அலியின் முகத்தைவிட முதுகுதான் வாடிக்கையாளர்களுக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வருடமாக மாவு வீசுகிற மேசையைச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு நின்றவர் அவர். ஏன் என்று கேட்டால், எதிரே ஆள் இருந்தால் கூச்சமாக இருக்கிறது, வீச்சு வராது என்பார்.

கூச்சமெல்லாம் சும்மா. அவருக்கு வீச்சு பீச்சாங்கையில்தான் வரும். முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கெலமங்கலம் ஹோட்டலில் முதலாளி இதைப் பார்த்துவிட்டார். அந்தக் கை பட்ட மாவை எவன் தின்பான் என்று, பிசைந்தது மொத்தத்தையும் மாட்டுக்கு வைத்துவிட்டு, ஷௌகத்தையும் கையோடு வீட்டுக்கு அனுப்பினார். அன்றிலிருந்து கல்லில் திருப்புவது, தட்டில் வைப்பது, கையெழுத்துப் போடுவது எல்லாம் வலது கை. வீசுவதும் சுருட்டுவதும் மட்டும் இடது கை. அது தெரிந்த ஒரே ஆள் மனைவி ஜெய்னப். கொசு அடிக்கிற பேட்டை அவர் எந்தக் கையால் எடுக்கிறார் என்று பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

ஹோட்டலில் சாப்பாட்டைத் தொடுகிறவர்கள் எல்லோரும் டைஃபாய்டு ஊசி போட்டுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்றார்கள் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள். தனியார் கிளினிக் ஒன்று கல்யாண மண்டபத்தில் முகாம் நடத்தியது. சான்றிதழுக்குப் போட்டோ எடுப்பார்கள் என்று கேள்விப்பட்ட ஜெய்னப், பெருநாளுக்குத் தைத்த முழுக்கைச் சட்டையை விறைப்பாக இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள். வந்த வினையின் முதல் பாதி அந்தச் சட்டை.

இரண்டாவது பாதி அவருடைய வாய். வேலை செய்யும் கை எது என்று படிவத்தை வைத்துக்கொண்டு நர்ஸ் கேட்டார். மற்றக் கையில்தான் ஊசி போடுவார்களாம். வரிசையில் அவர் முதுகுக்குப் பின்னாலேயே முதலாளி திம்மராயன் நின்றுகொண்டிருந்தார். ஷௌகத் தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்:

“சோத்துக்கைதாங்க.”

நர்ஸ் ‘வலது’ என்று எழுதிக்கொண்டு இடது பக்கம் வந்தார். சட்டைக் கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. வரிசையில் இன்னும் இருநூறு பேர். ஷௌகத் உட்கார்ந்திருந்தார், நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பொத்தானைக் கழற்றிக் காலரைக் கீழே இழுத்ததில் தோள்பட்டையின் குமிழ்தான் வெளியே வந்தது. கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் ஊசி இறங்கியது.

அன்று சாயங்காலமே தோள் கனத்தது. மூன்றாம் நாள் மாவு பறக்க மறுத்து, ஈரத்துணி மாதிரி மேசை விளிம்பில் தொங்கியது. ஒரு மாதத்தில் தலை வாரக்கூடக் கை மேலே போகவில்லை. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஊசி மூன்று விரல் கீழே, சதையில் இறங்கியிருக்க வேண்டும், மூட்டுக்குள் போய்விட்டதால் அங்கே வீங்கி இறுகிக்கொண்டது என்றார். வைத்தியம் ஆறேழு மாதமாவது ஆகும். வீட்டில் தினமும் செய்யவும் ஒரு பயிற்சி கொடுத்தார்: சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். ஏறிய உயரத்தில் ஜெய்னப் பென்சிலால் கோடு போடுவாள். டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த பல்லி தினமும் ஜெயித்தது.

ஹோட்டலில் பிரதாப் என்பவர் தற்காலிகமாக வந்து சேர்ந்தார். நல்ல மாஸ்டர்தான். ஆனாலும் பழைய வாடிக்கையாளர்கள் தட்டைத் தள்ளிவைத்தார்கள். பிய்க்க வரவில்லை என்றார்கள். திம்மராயன் எண்ணெயை மாற்றிப் பார்த்தார். மைதா மண்டிக்காரரோடு சண்டை போட்டு மண்டியையே மாற்றினார். பரோட்டா அப்படியேதான் இருந்தது.

ஊசி போட்டால் வலிக்கத்தான் செய்யும் என்று கிளினிக் கையை விரித்துவிட்டது. சம்பளம் இல்லை, வைத்தியத்துக்கு ஜெய்னப்பின் வளையல் போயிருந்தது. வக்கீல் சுசித்ரா மூலமாகக் கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்தில் நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டார்கள். பரோட்டாவுக்கு இரண்டு கையும் வேண்டும் என்று மட்டும் ஷௌகத் வக்கீலிடம் சொல்லிவைத்தார். மற்றதைச் சொல்லவில்லை.

விசாரணை நாளில் திம்மராயனும் சாட்சி சொல்ல வந்திருந்தார். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு கிளினிக்கின் வக்கீல் ஆனந்தராஜ் எழுந்து ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். முகாமில் எழுதிய படிவம். வேலை செய்யும் கை வலது என்று மனுதாரரே சொல்லியிருக்கிறார். வலது கை நன்றாக இருக்கிறது. அப்படியிருக்கப் பிழைப்பு எப்படிக் கெட்டது என்று கேட்டார்.

சுசித்ரா திரும்பி ஷௌகத்தைப் பார்த்தார். ஷௌகத் மூன்றாவது வரிசையில் இருந்த திம்மராயனைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டால் நஷ்டஈடு போகும், வைத்தியம் நிற்கும். திறந்தால் வேலையே போகும். கெலமங்கலத்து மாடுகள் ஒரு தரம் கண்ணுக்குள் வந்து போயின. கடைசி வரிசையிலிருந்து ஜெய்னப் வளையல் இல்லாத கையால் முக்காட்டைச் சரிசெய்தாள். ஷௌகத் ஆணையத்தின் தலைவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

“அந்தப் படிவத்துல இருக்கறது பொய்ங்க மேடம். நான்தான் சொன்னேன். வீசறது, சுருட்டறது எல்லாமே இந்தப் பீச்சாங்கைதான். மொதலாளி பின்னாடி நின்னாரு, வெக்கமா இருந்துச்சு.”

வழக்குக்காகக் கையை மாற்றுகிறார் என்றார் ஆனந்தராஜ். ஆணையத்தின் தலைவர் ஆதாரம் உண்டா என்று கேட்டார். ஜெய்னப் எழுந்து கொசு பேட்டைப் பற்றி ஆரம்பித்தாள். உட்காரச் சொன்னார்கள். ஷௌகத் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். அது ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சட்டென்று பிடிபட்டது.

“எங்க ஹோட்டல் போர்டுல நான் போட்ட பரோட்டா போட்டோ இருக்குதுங்க. சோத்துக்கைக்காரர் சுருட்டினா சுருள் ஒரு பக்கமா போவும். நுனி தெரியற பக்கத்தை மேல வச்சுப் பாத்தா, என்னுது எதிர்ப்பக்கமா போவும்.”

போர்டின் படம் திம்மராயனின் போனிலேயே இருந்தது. அதுதான் அவருடைய வாட்ஸப் முகம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பரோட்டா வேண்டுமே என்றபோது, திம்மராயன் தயங்கித் தயங்கித் தன் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். பிரதாப் போட்டது. சால்னா வாசனை மேசை வரைக்கும் போனது. தலைவர், எழுத்தர், இரு தரப்பு வக்கீல்கள் என எல்லோரும் குனிந்து சுருளைப் பார்த்தார்கள். ஒன்று இப்படிப் போனது, இன்னொன்று அப்படிப் போனது. படத்தைத் திருப்பிப் போட்டிருக்கலாம் என்றார் ஆனந்தராஜ், பரோட்டாவிலிருந்து கண்ணை எடுக்காமல். தட்டின் விளிம்பில் ஹோட்டல் பெயர் நேராகத்தானே இருக்கிறது என்றார் தலைவர்.

திரும்பி வரும் பஸ்ஸில் திம்மராயன் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். சூளகிரி தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஹௌதா பாய், நெசமாவா? பன்னெண்டு வருஷமும் அந்தக் கையாலயா?”

“ஆமாங்கண்ணா.”

ஷௌகத் அடுத்த வேலைக்கு யாரைக் கேட்கலாம் என்று மனதுக்குள் ஒவ்வொரு ஹோட்டலாகப் போய்வந்தார். பஸ் ஓசூருக்குள் நுழையும்போது திம்மராயன் தொடையில் தட்டிக்கொண்டார்.

“அதான் பிரதாப் போடறது பிய்க்க வரமாட்டேங்குது. எல்லாருக்கும் வெரல் உன் பக்கமா பழகிப் போயிருக்குது. நான் அந்த மைதாகாரன்கிட்ட மூணு மாசமா பேசறதில்லை, பாய். அவனுக்கு என்னா பதில் சொல்றது?”

தீர்ப்பு வர இரண்டு மாதம் ஆனது. ஊசி தவறான இடத்தில் போடப்பட்டது என்று ஆணையம் எழுத்தில் சொன்னது. வைத்தியச் செலவும் வேலை இழந்த மாதங்களின் சம்பளமும் கிளினிக் தரவேண்டும். படிவத்தில் தவறான தகவல் சொன்னதற்காக மன உளைச்சலுக்குக் கேட்ட தொகை கிடையாது. அது நியாயம்தான் என்றாள் ஜெய்னப். பொய் சொன்னவருக்கு உளைச்சல் இருக்கத்தான் வேண்டுமாம்.

பென்சில் கோடு காலண்டரைத் தாண்டி ஆணி வரைக்கும் ஏறிய வாரம் ஷௌகத் வேலைக்குப் போனார். மேசை சுவரைப் பார்த்து இல்லை. திம்மராயன் அதைத் தெருவைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தார். முதல் ஷிஃப்ட் விட்டுக் கூட்டம் வந்தது. எதிரே உட்கார்ந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் மாஸ்டரின் கையையே முறைத்துப் பார்த்தார். ஷௌகத் ஒரு தரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார். இருந்தாலும் வீசினார். மாவு முன்புபோல் விரியவில்லை, முக்கால்தான் விரிந்தது.

அந்த ஆள் கண்ணை எடுக்காமலே தட்டில் வந்த பரோட்டாவில் விரலை வைத்தார். விரல் தானாக இடப்பக்கம் போய் நுனியைப் பிடித்தது. சுருள் அவிழ்ந்துகொண்டே வந்தது.