அகால மரணம் என்று போடச் சொன்னார்கள்

எண்பதுகளின் நடுவில், என் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி விளம்பரம் கொடுக்கக் கைக்குழந்தையோடு கடத்தூருக்குப் போனேன். குடிதண்ணீர் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தவர்கள் மீது போலீசார் சுட்டதில் அண்ணன் இறந்தார். மறுநாள் நாளிதழ் அவரைக் ‘கலவரக்காரர்’ என்று எழுதியது. படித்தவள் என்பதால் அதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியதும் நான்தான்.

அதே நாளிதழின் ஏஜென்ட், நான் எழுதிப் போயிருந்ததில் ‘போலீஸ் துப்பாக்கிச் சூட்டில்’ என்ற சொற்களை மட்டும் அடித்தார்.

“இதெல்லாம் போட மாட்டாங்கம்மா. ‘அகால மரணம்’னு போட்டுக்கலாம். அதான் வழக்கம்.”

“ஏனுங்க, எங்கண்ணன் என்ன கெணத்துல வுழுந்தா செத்தாரு?”

கேட்டுவிட்டு, எழுதிய தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். விளம்பரம் கொடுக்காமலே பஸ் ஏறினேன்.

“புள்ளைய வெச்சிக்கிட்டு உனக்கெதுக்கு இந்த வம்பு? போலீசு வூட்டுக்கு வந்தா என்ன பண்ணுவ?” என்றார் கணவர். அவருக்கு அரசு அலுவலகத்தில் தற்காலிக வேலை. அவர் சொல்வதுதான் சரியோ என்று குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் யோசித்தேன். ஆனால் இவள் வளர்ந்து தன் மாமாவைப் பற்றிக் கேட்டால், அந்தப் பழைய பேப்பர் அல்லவா பதில் சொல்லும்?

எங்கள் மாதா கோயிலில் பூசைக்கு முன், பங்குச் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வேண்டுதல் சீட்டுகளை உரக்கப் படிப்பார். ஏஜென்ட் அடித்த சொற்களையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.

நினைவு நாளன்று, மாடு சுகமாக, மகன் பரீட்சையில் தேற என்று கடகடவெனப் படித்து வந்தவர், என் சீட்டில் நின்றார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “இறந்த சகோதரரின் ஆன்மா இளைப்பாற…” என்று சுருக்கி அடுத்த சீட்டை எடுத்தார்.

எப்போது எழுந்தேனோ தெரியவில்லை. “முழுசா படிங்க, ஐயா.”

குழந்தை வீறிட்டது. மற்ற நாளாக இருந்தால் வெளியே தூக்கிப் போயிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்க்கார அக்கா ஒருவர் என் முந்தானையை இழுத்தார்.

“உக்காரு பாப்பா, சாமியாரு பாக்கறாரு.”

“பாக்கட்டுங்க்கா.”

உபதேசியார் சீட்டைத் திரும்ப எடுத்தார். ‘துப்பாக்கிச் சூட்டில்’ என்னும்போது குரல் இறங்கியது. ஆனாலும் படித்தார். ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று கோயில் முழுவதும் அண்ணனுக்காக மறுமொழி சொன்னது.

மறுநாள் நாளிதழில் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி: ‘கலவர நினைவு நாள் அமைதியாகக் கழிந்தது.’ கணவர் அதைக் காட்டி நிம்மதியாகச் சிரித்தார். அடுத்த ஆண்டுக்கான சீட்டை அன்றே எழுதி வைத்தேன், உபதேசியார் கண்ணாடியைத் தூக்கத் தேவையில்லாத அளவுக்குப் பெரிய எழுத்தில்.