அது இன்னா தோலு?

வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தாலே எனக்குக் கொட்டாவி வரும். கணக்கு வராதவர்களுக்காவது கணக்கின் மேல் ஒரு பயம் இருக்கும். எனக்கு வரலாற்றின் மேல் அந்த மரியாதைகூடக் கிடையாது. எவனோ வந்தான், எவனையோ ஜெயித்தான், ஏரி வெட்டினான், செத்துப்போனான். அதற்கு நான் ஏன் வருஷங்களை மனப்பாடம் செய்து சாக வேண்டும்?

ஆனால் என் கழுத்தைப் பிடித்திருந்ததும் அந்தப் பாடம்தான். குரூப் ஃபோர் பரீட்சை இரண்டு முறை எழுதியாயிற்று. இரண்டு முறையும் தமிழும் கணக்கும் கைகொடுத்தன, வரலாறு காலை வாரியது. மூன்றாவது முறை விண்ணப்பித்தபோது அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "இந்த வாட்டியும் போச்சுன்னா புக்கெல்லாம் எடைக்குப் போட்டுட்டு, கம்பெனியே கதின்னு இரு."

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தேன். கேவலமான வேலை இல்லை. ஆனால் பசை வாசனையில் தலைவலியோடு வீடு திரும்பும்போதெல்லாம், மின்விசிறிக்குக் கீழே மேஜை போட்டு உட்காரும் அரசாங்க உத்தியோகம் கண்முன் வந்து நிற்கும். அது எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே வேண்டும்.

படிக்க நேரம் கிடைப்பது கம்பெனி பஸ்ஸில்தான். நான் குடியாத்தத்தில் ஏறுவேன். பேரணாம்பட்டில் என் தோழி ஏறி, நான் டிபன் பையை வைத்துப் பிடித்திருக்கும் சீட்டில் உட்காருவாள். கட்டிங் பிரிவில் தோலைத் தடவிப் பார்த்து நல்லது, மட்டம் என்று பிரிப்பது அவள் வேலை. உருது மீடியத்தில் எட்டாவது வரை படித்தவள். தமிழ் பேச்சில் வெளுத்து வாங்குவாள், வாசிக்கும்போது மட்டும் எழுத்துக் கூட்டுவாள். ஒரு நாள் காலையில் அவள் போனில் சார்ஜ் இல்லை.

"பேஜாரா கீது தோஸ்த். அந்த புக்குல இன்னா இருக்குன்னு சத்தமா படி."

"தூக்கம் வரும்டி."

"வந்தா தூங்குறேன். உனக்கு இன்னா நஷ்டம்?"

அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்து எழுந்த பாடம். பள்ளிச் சுற்றுலாவில் அந்தக் கோட்டைக்குப் போய் அகழி ஓரம் புளிசாதம் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கும் அந்தக் கிளர்ச்சிக்கும் அவ்வளவுதான் உறவு. காரணங்களை ஒப்பித்துக்கொண்டே போனேன். நெற்றியில் சமயக்குறி கூடாது என்றார்கள். தாடியை எடுக்கச் சொன்னார்கள். புதுத் தலைப்பாகை ஒன்று கொடுத்தார்கள், அதில் தோலால் செய்த குஞ்சம் இருந்தது.

"இரு இரு. அது இன்னா தோலு?"

"மிருகத் தோலுன்னு போட்டிருக்கு."

"மிருகம்னா? யானையா?"

முன்சீட்டுப் பெண்கள் இரண்டு பேர் எங்கள் பக்கம் திரும்பினார்கள். நாள் பூராவும் தோலோடு கிடக்கும் கூட்டம் இல்லையா, சும்மா விடுமா? ஒருத்தி மாடு என்றாள், இன்னொருத்தி ஆடு என்றாள். கையில் பிடித்தாலே தெரிந்திருக்குமே, மோந்து பார்த்திருக்கலாமே என்று ஆளாளுக்குப் பேசினார்கள். என் தோழி மட்டும் யோசனையில் இருந்தாள்.

"பன்னித்தோல் லைனிங் வந்தா நான் தொட மாட்டேன்னு சூப்பர்வைசருக்குத் தெரியும். சொன்னா வேற டேபிளுக்கு மாத்திடுவாரு. இவங்களும் மேல சொல்லியிருக்கலாம்ல?"

நான் அடுத்த வரியைப் பார்த்தேன். "சொன்னாங்கடி. மாட்டோம்னு சொன்னவங்களுக்குக் கசையடி."

அவள் கை தானாகத் தலைக்குப் போய் முக்காட்டின் மேல் நின்றது. "கால்ல போடற ஷூவுக்கே நான் மாட்டேங்கறேன். இது தலைல வெக்கறதாச்சே" என்றாள்.

அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். தலைப்பாகைக்குள் ஒரு தலை இருந்தது அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் என்னை விடவில்லை. ஏரி வெட்டினார்கள் என்றால், மண்ணை எங்கே கொட்டினார்கள் என்பாள். படை கிளம்பியது என்றால், குதிரைக்கு யார் புல் போட்டது என்பாள். ராஜா தோற்றால் அவளுக்கு ராணி எங்கே போனாள் என்று தெரிந்தாக வேண்டும். பதில் சொல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார முடியாது. ஞாயிற்றுக்கிழமை தூங்கிக் கழித்த நான் நூலகத்துக்கு நடையாய் நடந்தேன். குதிரைக்குப் புல் தேடிப் போனதில் வருஷங்கள் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. அவளைப் போலக் கேட்க எனக்கு வராது. பாடம் சொல்லிக்கொடுத்த யாரிடமும் இல்லாத பசி அது. அவளை மேலே படிக்க வைத்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள் என்று யாராவது உச்சுக்கொட்டினால் அடிக்க வருவாள். தோலைத் தடவும் வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்தத் தோல் விஷயத்தை மட்டும் என்னால் முடிக்க முடியவில்லை. மாடு என்றும் பன்றி என்றும் பேச்சு பரவியதாகத்தான் படித்தேன். நான் பார்த்த எந்தப் புத்தகமும் இன்னதென்று அடித்துச் சொல்லவில்லை. "எழுதினவன் தொட்டுப் பாத்திருக்க மாட்டான்" என்று முடித்துவிட்டாள்.

மூன்றாவது முறை தேறிவிட்டேன். ரிசல்ட்டை முதலில் அவளிடம்தான் சொன்னேன். பஸ்ஸிலேயே கட்டிப்பிடித்து அழுதாள், நானும் அழுதேன். இப்போது வாலாஜாபேட்டையில் ஒரு அலுவலகத்தில் மேஜை, நாற்காலி, தலைக்கு மேலே கடகடவென்று ஒரு மின்விசிறி. போன வாரம் அவளிடமிருந்து போன்.

"உன் சீட்டுல ஒரு பொண்ண உக்கார வெச்சிருக்கேன் தோஸ்த். அதுவும் பரீட்சைக்குத்தான் படிக்குது. ஹிஸ்டரி எடுத்தா தூங்கிடுது."

"நீ இன்னா பண்ண?"

"எழுப்பி, அது இன்னா தோலுன்னு கேட்டேன்."