நாலாவது எலுமிச்சம்பழம்

மூன்று பழம் நசுங்கியது. நாலாவது நசுங்கவில்லை. பின்பக்க இடது சக்கரத்துக்கு அடியிலிருந்து லேசாகச் சப்பையாகி வெளியே வந்து, எங்கள் வீட்டு சிமெண்ட் முற்றத்தில் உருண்டு, என் செருப்பில் இடித்து நின்றது. ஃபாதர் அதைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். ஸ்டியரிங்கில் இருந்த என் மகள் இறங்கி வந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இவ்வளவு பயமா என்று எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

கொடைக்கானலில் வண்டி வாங்கினால் எங்கள் ஆட்கள் செய்வது இதுதான். ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். அதோடு முடிந்தது என்று விடமாட்டோம். ஃபாதர் நாலடி தள்ளிப் போய்த் தோட்டத்து ரோஜாவை ரசிப்பதுபோல் திரும்பிக்கொள்வார். நாங்கள் நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம். அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இது முடியாமல் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது. டாக்ஸிக்காரர்கள் முதல் பிஷப் வீட்டுச் சமையல்காரர் வரை இதில் விதிவிலக்கு கிடையாது. நான் கணக்கு டீச்சர். எலுமிச்சம்பழம் ரசத்துக்கு என்கிற கட்சி. ஆனாலும் வீட்டில் நிம்மதி வேண்டுமே என்று ஒத்துக்கொண்டேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு. இரண்டே சீட்டு. கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மூடிக்கொள்ளும் துணிதான். இருபது வயதிலிருந்து எனக்கு இப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மேல் கிறுக்கு. பழைய கார் இரண்டு மூன்று வாங்கி, பழுது பார்த்து, விற்றவள்தான் நான். ஆனால் ஆசைப்பட்டது இதற்கு. ஸ்டாஃப் ரூமில் மற்ற டீச்சர்கள் நகைக்கடை விளம்பரம் பார்ப்பார்கள், நான் பழைய கார் விளம்பரம் பார்ப்பேன். வீட்டுக்காரர் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல்காரர். அவருக்குக் கார் என்றால் காய்கறி மூட்டை ஏற்றுவது. "ரெண்டே சீட்டுங்கிற, ஒன்னுல நீ, இன்னொன்னுல ஒன் ஹேண்ட்பேக். நான் டிக்கியில படுத்துக்கவா, டீச்சர்?" என்று கேலி செய்துகொண்டே இருந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் எனக்குச் சாக்கு கிடைத்தது. புதன்கிழமை காலையில் இங்கே மாதா கோயிலில் தாலி கட்டு, மாலையில் வத்தலக்குண்டில் மாப்பிள்ளை வீட்டு விருந்து. பொண்ணும் மாப்பிள்ளையும் மலையிறங்க இந்த வண்டிதான் என்று அறிவித்துவிட்டேன். நான் அறிவித்தால் அறிவித்ததுதான்.

கோயம்புத்தூரில் ஒரு வியாபாரியிடம் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கையில் ஒரு காந்தம் கொண்டு போயிருந்தேன். ஃப்ரிட்ஜில் ஒட்டுவது, ஏரிப் படகு படம் போட்டது, டூரிஸ்ட்டுக்கு விற்கிறார்களே, அது. அடிபட்ட இடத்தில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால் காந்தம் ஒட்டாது. கதவு, பானெட், பின்மூடி எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தேன், பச்சக் பச்சக் என்று ஒட்டியது. முன்பக்கம் பொறித்திருந்த சேஸிஸ் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன், ஒரு எழுத்து பிசகவில்லை. சீட் பெல்ட்டின் அடியில் ஒரு சின்னத் துணி தைத்திருப்பார்கள், அதில் தயாரித்த வருடம் இருக்கும். இதில் இருந்த வருடம் காரின் வருடத்தோடு ஒத்துவரவில்லை. கேட்டேன். "எலி கடிச்சிருச்சுங்க மேடம், பெல்ட்டை மட்டும் வேற வண்டியில இருந்து எடுத்து மாத்தினேன்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் நான் அடங்கிவிட்டேன். கொடைக்கானலில் எலி கடிக்காத வண்டி ஏது? குளிர் காலத்தில் பானெட்டுக்குள் குடும்பமே நடத்தும். ஒயரைக் கடிக்கும், சீட்டைக் கடிக்கும், ஒருமுறை என் ஹெல்மெட்டையே கடித்துவிட்டது. எலி என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் கூடக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அப்புறம் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தேன். பளபளவென்று புதுசாகக் கறுப்புத் தார் பூசியிருந்தது. "மலைக்குப் போற வண்டின்னு சொன்னீங்கள்ல, அதான் துருப்பிடிக்காம இருக்க நானே அடிச்சு வச்சேன்" என்றான். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. எங்கள் மூடுபனியில் இரும்பு உப்பில் போட்டதுபோல் அரித்துப் போகும். வண்டி வாங்கினால் நாங்கள் செய்கிற முதல் சோலியே தார் அடிப்பதுதான். நல்ல மனுஷன், சொல்லாமலே செய்திருக்கிறானே என்று வீடு வரை அவனைப் புகழ்ந்துகொண்டே வந்தேன்.

வியாழக்கிழமை லாரியில் ஏற்றி அனுப்பினான். நானே ஷெட்டில் விட்டேன். நாங்கள் யாரும் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்துவதில்லை, ஈரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு மறுநாள் விடாது. கியரில் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைப்போம். பிளாஸ்டிக் கவர் போட்டால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும் என்று பழைய பருத்திப் போர்வையைப் போர்த்தினேன். சீட்டுக்கு அடியில் ஒரு தட்டில் கரித்துண்டு வைத்தேன், ஈரத்தை உறிஞ்சும். எலிக்குப் புகையிலை வைத்தேன். பிள்ளைபெற்றவளைக் கூட இவ்வளவு கவனித்ததில்லை என்றார் வீட்டுக்காரர். சனிக்கிழமை நானும் அவரும் பத்திரிகை வைக்க மன்னவனூர் போய்விட்டுச் சாயங்காலம் வந்தோம். அப்போது பின் சக்கரத்தில் இருந்த கல் முன் சக்கரத்தில் இருந்தது. வீட்டுக்காரர் காலையில் பெருக்கும்போது மாற்றி வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் இந்த எலுமிச்சம்பழம்.

ஃபாதர் காபி குடித்துவிட்டுக் கிளம்பியதும் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். கேலி இல்லை, குரல் இறங்கியிருந்தது. "புதன்கிழமை புள்ளைக இதுல எறங்க வேணாம்மா. எனக்கு மனசு கேக்கல" என்றார். நான் கத்தினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றேன். சின்னப் பழம், கெட்டித் தோல், பிசைந்து பார்த்து வாங்கத் தெரியாதவர் நீங்கள் என்றேன். சமையல்காரரிடம் போய் எலுமிச்சம்பழம் வாங்கத் தெரியாது என்றால் அவர் சும்மா இருப்பாரா? உள்ளே போய் இன்னொரு பழம் எடுத்து வந்தார். இந்த முறை நானே ஏறி ஓட்டினேன். அதுவும் நசுங்கவில்லை. அவர் அதைக் கையில் எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

அப்போதுதான் என் கணக்கு டீச்சர் புத்தி விழித்தது. முற்றம் சமதளம், நானே ரசமட்டம் வைத்துப் போட்ட சிமெண்ட். பழம் நல்ல பழம். அப்படியானால் அந்தச் சக்கரத்தின் மேல் வண்டியின் எடை சரியாக இறங்கவில்லை. மூன்று காலில் நிற்கிற நாற்காலி மாதிரி வண்டி நின்றுகொண்டிருக்கிறது. ஏன்?

காந்தத்தைக் கொண்டு வந்தேன். கதவைத் திறந்து, அடியில் நீளமாக ஓடுகிற இரும்பில் முன்னாலிருந்து வைத்துக்கொண்டே வந்தேன். ஒட்டியது, ஒட்டியது, சீட்டுக்கு நேராக வந்ததும் கையை விட்டு விழுந்தது. மறுபக்கம் போனேன். அங்கேயும் அதே இடத்தில் விழுந்தது. சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டைப் பசையோடு பிய்த்து எடுத்தேன். அங்கேயும் பூசியிருந்த கறுப்புத் தாரை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். தாருக்கு அடியில், வண்டித் தரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கரடுமுரடாக ஒரு வெல்டிங் தழும்பு.

இது ஒரு வண்டி இல்லை. இரண்டு வண்டி. முன்னால் அடிபட்டதில் பின்பாதியும், பின்னால் அடிபட்டதில் முன்பாதியும் எடுத்து, நடுவில் வெட்டி ஒட்டியிருக்கிறான். முன்பாதியின் நம்பர் அசல், அதனால்தான் ஒத்துப்போனது. பெல்ட் மாட்டியிருந்தது பின்பாதியில், அதனால்தான் வருடம் வேறு. எலியுமில்லை, ஒரு மண்ணுமில்லை. கூரை இருக்கிற வண்டிக்காவது மேலே ஒரு பிடிப்பு உண்டு. இதற்குத் தரையும் அந்த இரண்டு பக்கத்து இரும்பும்தான் முதுகெலும்பு. அந்த முதுகெலும்பைத்தான் பட்டியால் ஒட்டித் தாரால் மூடிவிட்டு, மலைக்காக அடித்தேன் என்றிருக்கிறான் பாவி.

இன்னும் இருக்கிறது. இடது பக்கம் அந்தத் தழும்பு விட்டுப் போயிருந்தது. என் சுண்டுவிரல் நீளத்துக்கு விரிசல். உள்ளே இரும்பு வெள்ளி மாதிரி பளபளத்தது, துளி துருவில்லை. எங்கள் ஊர் ஈரத்தில் இரும்பு திறந்து கிடந்தால் ஒரு வாரத்தில் செம்பழுப்பாகிவிடும். வீட்டுக்காரர் லாரியில் குலுங்கியதில் விட்டிருக்கும் என்றார். நான் வியாபாரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

மறுப்பான், சத்தியம் செய்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரித்தான். நிறையப் பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள், போட்டோ எடுக்க, ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு வர இது போதும் என்றான். இதில் என் பெண் மலையிறங்குவாள் என்று வாங்கும்போதே உன்னிடம் சொன்னேனே என்று கேட்டேன். ரொம்ப நிதானமாக, "பிடிக்கலேன்னா திருப்பி அனுப்பிருங்க மேடம். எனக்கு ஒரு வாரத்துல வேற ஆள் வந்துருவாங்க" என்றான். வேற ஆள். அந்த வேற ஆளுக்கும் ஒரு பிள்ளை இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், டீச்சர் சொல்லக் கூடாத வார்த்தைகள் அவை. வண்டி உனக்கு வராது, அதை வெல்டரை வைத்து நானே இரண்டாக வெட்டுகிறேன், உன்னைப் போலீஸில் பார்க்கிறேன் என்றேன். அந்த விரிசலையும் சொன்னேன்.

அதற்குத்தான் அவன் பதறினான். "விரிசலா? லாரியில ஏத்தும்போது நான் பாத்துத்தான் ஏத்தினேன், சுத்தமா இருந்துச்சு. மலையில ஓட்டுனீங்களா மேடம்?"

ஓட்டவே இல்லை என்றேன். முற்றத்தைத் தாண்டவில்லை என்றேன். சொல்லிக்கொண்டே திரும்பினேன். மகள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. போனை வைத்தேன்.

நாங்கள் மன்னவனூர் போன அன்று, மாப்பிள்ளைப் பையன் வந்திருக்கிறான். இருவருமாக வண்டியை எடுத்துக்கொண்டு பெரும்பாறை வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள். அந்த ரோடு எனக்குத் தெரியும். ஒரு பக்கம் காப்பித் தோட்டத்துச் சரிவு, பாதி இடத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. அவன்தான் திரும்பி வந்து கல்லை மாற்றி வைத்தவன். முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வளைவுல திருப்பும்போதெல்லாம் பின்னால கிரீச் கிரீச்சுன்னு சத்தம் வந்துச்சும்மா" என்றாள். "வர வரக் கூடிக்கிட்டே இருந்துச்சு."

அதை ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தவில்லை. மந்திரிக்காத வண்டியை எடுத்ததற்கு அப்பா வருத்தப்படுவார், உன் வண்டியைத் தொட்டதற்கு நீ என்ன திட்டுத் திட்டுவாய் என்று நினைத்துத்தான் சொல்லவில்லை என்றாள். பழம் உருண்டதும் ஏதோ தப்பு என்று தெரிந்ததாம். அப்போதும் சொல்லப் பயமாக இருந்ததாம்.

எனக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம். "அந்தச் சத்தம் தெரிஞ்சும், புதன்கிழமை இதுல ஏறியிருப்பியாடி?"

புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏறியிருப்பேன்மா. நீ சொல்லிட்டியே."

வீட்டுக்காரர் அந்த எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கெஸ்ட் ஹவுஸ் வேனைப் புதன்கிழமைக்குக் கேட்கப் போனார்.