பேத்தியின் ஆய்வுக்கூடத்தில் நான் நடந்த நடை

போன மாசியில் கல்லிடைக்குறிச்சி ஆற்றுப் படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் செய்தி பேட்டையில் இருக்கும் மகன் காதுக்குப் போய்விட்டது. "தனியா இருந்தது போதும்மா. வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துரு" என்றான்.

அவன் மகள் மீனா, மனித உடல் எப்படி அசைகிறது என்பதைத் திருநெல்வேலியில் முதுகலையில் படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு படித்தது அவள்தான். நான் ஐந்தாம் வகுப்பு. வயதான பெண்கள் ஏன் விழுகிறார்கள் என்பது அவள் ஆய்வு. "அவகிட்ட போய் நடந்து காட்டு. தள்ளாட்டம் இல்லைன்னா நான் வாயத் தொறக்கல" என்றான் மகன். வீம்பாகச் சரி என்றுவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

காலை ஏழரை மணி வாக்கில் ரயில். டிக்கெட் பத்து ரூபாய், தூரம் முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். சேரன்மகாதேவி வரை வயல்களைப் பார்த்தேன். பேட்டை வந்ததும் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தோற்றால் மிச்சக் காலம் இந்த ஊரில்தானே!

ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். பாளையங்கோட்டைப் பக்கம் கல்லூரி, நூற்றிருபது ரூபாய்.

"பேத்திய பாக்கப் போறியளா ஆச்சி?"

"இல்லலே, நடக்கப் போறேன்."

"நடக்கவா? அதுக்கா ஆட்டோ புடிச்சிய?"

சிரித்தேன். 

ஆய்வுக்கூடம் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம்போல நீளம். சுவரைச் சுற்றிலும் கேமரா. கேமராவுக்கு அடையாளமாக இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று வெள்ளிக் குண்டுமணிகளை மீனா ஒட்ட ஒட்ட, அவை ஒவ்வொன்றாக உருண்டு ஓடின.

"ஆச்சி, கால்ல என்னத்த தேச்சிய?"

"நல்லெண்ணெய்தான். நடக்கப் போறமே, மூட்டு பிடிச்சுக்கிடக் கூடாதேன்னு."

"போச்சு! வாங்க, சோப்புப் போடுவோம்."

சேலையை நடவுக்குச் செருகுவதுபோல முட்டிக்கு மேல் செருகிக்கொண்டேன். பெண் பிள்ளைகள் மட்டும்தான் இருந்தார்கள். விழுந்தாலும் தாங்கிப் பிடிக்கும் என்று மேலிருந்து தொங்கிய வாரை உடம்பில் மாட்டினார்கள். அதைப் பார்த்ததும் பயம் இரண்டு மடங்கானது. விழுவேன் என்று தெரிந்துதானே கட்டுகிறார்கள்!

முதல் நடை நன்றாகப் போயிற்று. இரண்டாவதில், நூறிலிருந்து மும்மூன்றாகக் கழித்துச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். கணக்கு என்றதும் எனக்குக் குஷி. தொண்ணூற்றேழு, தொண்ணூற்றுநாலு என்று கணீரென்று சொன்னேன். எழுபத்தாறில் என்னை அறியாமல் நின்றுவிட்டேன். மறுபடி அடி எடுத்தபோது இடது கால் தரையில் உரசியது. வார் சட்டென்று இழுத்துப் பிடித்தது. இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டேன்.

"கணக்கு ஒண்ணுகூட தப்பில்ல ஆச்சி. காலுதான் மறந்துட்டு" என்றாள் மீனா.

அப்போது மகனிடமிருந்து மீனாவுக்குப் போன். நல்லா நடந்தேன் என்று சொல்லடி என மனசு அடித்துக்கொண்டது. அவள் என்னைப் பார்த்தாள். "பாத்தத சொல்லு" என்றேன். எப்படிச் சொன்னேனோ!

"அப்பா, வேற யோசனை இருந்தா ஆச்சிக்கு கால் தடுமாறுது. ஒரு தடவ பாத்து முடிவு சொல்லக் கூடாது. பயிற்சி குடுக்கேன், மூணு மாசம் கழிச்சு திரும்பப் பாப்போம். அதுவரை அவங்க வீட்டிலேயே இருக்கட்டும். ஆத்துக்கு மட்டும் தனியா போவக் கூடாது."

மகன் சரி என்றுவிட்டான். எனக்காகக்கூடப் பொய் சொல்லாத பெண். பயத்திலும் எனக்குப் பெருமைதான்.

நீங்களும் போவதாக இருந்தால் காலில் எண்ணெய் தேய்க்காதீர்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சோதனைக்கே இரண்டு மணி நேரம் ஆகிறது. பெண் மாணவிகள் மட்டும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயத்தை மறைத்துப் பிரயோசனமில்லை, கால் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது பக்கத்து வீட்டுச் செண்பகத்தோடுதான் ஆற்றுக்குப் போகிறேன். தெரு முழுக்க ஓயாமல் பேசுவோம். முதல் படி வந்ததும் இருவரும் வாயை மூடிக்கொள்கிறோம். தண்ணீர் இடுப்பைத் தொட்ட பிறகுதான் மிச்சக் கதை.